எடின்பரா என்று திருத்திய அத்தானுக்கு

மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு, கண்ணாடிக் கடை மைத்துனன் கைகூப்பி எழுதுவது. அக்காவின் முழங்கால் வலி தேவலையா? இங்கே நான், உங்களை வாய் நிறைய அண்ணா என்று கூப்பிடும் என் மனைவி, கடை, எல்லாம் சௌக்கியம். சௌக்கியமில்லாதது என் நாக்கு ஒன்றுதான். அதைக் கெடுத்தவர் நீங்கள்.

மகளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்த சந்தோஷத்தில், கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் "பொண்ணு எடின்பர்க்ல இருக்கா" என்று சொல்லிக்கொண்டு நான் பாட்டுக்கு இருந்தேன். சோதனைக் கண்ணாடியை மூக்கில் மாட்டிவிட்டால் ஆள் எழுந்து ஓட முடியாது பாருங்கள், நிம்மதியாகச் சொல்லலாம். கேட்டவர்களும் "அப்படியா, பரவாயில்லையே" என்றார்கள். ஒருவருக்கும் காது வலிக்கவில்லை. காலமெல்லாம் ஆங்கிலம் கற்பித்த நீங்கள் வந்தீர்கள். கடை நிறைய ஆள் இருக்கும்போது டீயைக் கீழே வைத்துவிட்டு, "பர்க் இல்லப்பா, பரா. எடின்பரா. அந்தக் கடைசி 'ரா'வ அழுத்தாத, லேசா தடவி விடு" என்றீர்கள். தடவுவதற்கு அது என்ன தைலமா அத்தான்?

சரி, பெரியவர் சொல்கிறாரே என்று மறுநாளே தடவ ஆரம்பித்தேன். பக்கத்து மருந்துக்கடைக்காரர் கேட்டுவிட்டு, "என்ன சார், பல்லு கட்டிட்டீங்களா?" என்றார். அதோடு விட்டாரா? அவருடைய சகலை அங்கே போய் வந்தவராம், "எடின்ப்ரோ"தான் சரியாம். நான் லென்ஸைத் தேய்த்துக்கொண்டே பர்க், பரா, ப்ரோ என்று முனகிக்கொண்டிருந்தேன். எதிரே எழுத்துப் பலகையைப் படித்துக்கொண்டிருந்த அம்மாள், தான் தப்பாகப் படித்ததால்தான் நான் முனகுகிறேன் என்று நினைத்துத் திரும்பத் திரும்ப முதல் வரியிலிருந்து ஆரம்பித்து, கடைசியில் அழாத குறையாக எழுந்து போய்விட்டார். அத்தோடு முடிவெடுத்தேன், இனி அந்த ஊர் பேரையே எடுப்பதில்லை என்று.

அங்கேதான் வினை ஆரம்பித்தது. "பொண்ணு எங்க இருக்கா?" என்று கேட்டால் "வெளிநாட்டுல" என்பேன். "எந்த ஊர்ல?" என்றால் "குளிர் ஜாஸ்தி" என்பேன். "ஊர் பேரு?" என்றால் "மழையும் உண்டு" என்று சொல்லி, வந்தவரின் கண்ணில் டார்ச் அடித்துவிடுவேன். நேற்றுவரை வாய் ஓயாமல் பீற்றிக்கொண்டவன் திடீரென்று பம்மினால் நாலு பேர் சும்மா இருப்பார்களா? போன வாரம் கீழ்வீட்டம்மா என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "மனச விட்றாதீங்க. நல்ல வக்கீலா வச்சா பொண்ண சீக்கிரம் வெளிய எடுத்துடலாம்" என்றிருக்கிறார்.

மனைவி மாடிப்படி ஏறி வந்த வேகத்தைப் பார்த்தே நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். "ராத்திரி பகலா படிச்சு வாங்கின வேலைங்க அது! ஒரு பேரச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு எம்பொண்ண ஜெயில்ல போட்டுட்டீங்களே!" என்று அழுதாள். எதற்குப் பெருமைப்பட வேண்டுமோ அதையே ஒளித்து வைத்திருக்கிறேனே! உடனே மகளுக்கு ஃபோன் போட்டேன். "அம்மாடி, நீ இருக்கற ஊர் பேர ஒரு தடவ சரியா சொல்லு." அவள் மெதுவாகச் சொல்கிறாள்: "நான் வந்ததுலேர்ந்து 'இங்க'ன்னுதாம்ப்பா சொல்லிட்டிருக்கேன்."

சிரித்தோம் பாருங்கள், புரை ஏறும் அளவுக்கு. அப்புறம் சொன்னாள்: "எங்க மேனேஜர் எம்பேர தினம் ஒரு விதமா கூப்பிடறார். என்னத்தானேன்னு திரும்பிப் பாக்கறேன், கோவமா வருது? ஊருக்கு மட்டும் கோவம் வந்துடுமா? நீங்க எப்பவும் போலவே சொல்லுங்கப்பா. நீங்க சொல்ற ஊர்லதான் நான் இருக்கேன்."

அத்தான், நேரே மாடிப்படியில் போய் நின்று, கட்டடம் முழுக்கக் கேட்கும்படி, "எம்பொண்ணு எடின்பர்க்ல இருக்கா! வேலையில இருக்கா!" என்று கத்தினேன். கீழ்வீட்டம்மா கதவைத் திறந்து, "அப்பாடா, ஜாமீன் கெடச்சுடுச்சா?" என்றார்.

ஆகவே பணிவுடன் தெரிவிப்பது, இனி எங்கள் வீட்டுக்கு வந்தால் சாப்பிட மட்டும் வாயைத் திறக்கவும். உச்சரிப்பு எங்களுக்கு வேண்டாம், இருக்கிறதே போதும். அக்காவுக்கு என் அன்பு. உங்கள் உடம்பு நன்றாக இருக்கட்டும், காது மட்டும் கொஞ்சம் மந்தமாகட்டும்.

இப்படிக்கு,
எடின்பர்க்கில் மகள் இருக்கும் தகப்பன்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். மகள் அடுத்த மாதம் வருகிறாள், கூடவே அந்த மேனேஜரும் அவர் மனைவியும் நம் வீட்டுக்கு வருகிறார்களாம். நம் ஊர் பேரைத் தப்பாகச் சொல்லி நம் மனசைப் புண்படுத்திவிடக் கூடாதே என்று, ஆங்கிலத்தில் அதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று மனுஷன் கேட்டு அனுப்பியிருக்கிறார். நான் ஒரு விதம், மனைவி ஒரு விதம், மருந்துக்கடைக்காரர் ஒரு விதம். காலையிலிருந்து சண்டை, இன்னும் கடை திறக்கவில்லை. கடிதம் கண்டதும் புறப்பட்டு வரவும்.