காயடிக்காத பன்றிகளின் மன அமைதி

காயடிக்காத ஆண் பன்றிகள் இனி மன அமைதியோடு வாழவேண்டும் என்று தலைநகரத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. கூடவே அவை விளையாட, பட்டிக்கு ஒன்று வீதம் சிவப்பு ரப்பர் பந்தும் வந்தது.

ஸ்லவோனியா நாட்டுப்புறத்தில் பன்றி வளர்க்கும் எவிட்சாவின் பட்டியில் அப்படிப்பட்ட பன்றிகள் பன்னிரண்டு. இளைத்தவனைக் கண்டால் ஏறி மிதிக்கும் வழக்கம் மனிதருக்கு மட்டும் உரியதல்ல. பதினொன்றும் சேர்ந்து, சோனி என்று அழைக்கப்பட்ட இளைத்த பன்றியின் மேல் ஏறி ஏறி அதை நொண்டியாக்கின, காதையும் கிழித்தன. எவிட்சா மூலையில் பலகை அடித்து, வைக்கோல் பரப்பி, அதைத் தனியே விட்டாள். மூன்றாம் நாள் அது தீனி எடுத்தது.

நான்காம் நாள் நலவாழ்வு மேற்பார்வையாளர் ஸ்வோனிமிர் வந்தார்.

"இது ஏம்மா தனியா கெடக்கு?"

"மத்ததுங்க கடிக்குது சார்."

"தனிமை மன உளைச்சல் தரும். ஏழாம் பிரிவு."

"நிம்மதியா தூங்குதே சார்."

"அது உங்க அபிப்பிராயம். காயம் பட்டாத்தான் பிரிக்கலாம்."

"காதப் பாருங்க."

"பழைய காயம். அதிகாரி முன்னிலைல படணும்."

பலகை பிடுங்கப்பட்டது. ஸ்வோனிமிர் நாற்காலி போட்டு, பிளம் சாராயத்தோடு ஒரு மணி நேரம் காத்திருந்தார். சாராயம் குடிக்கும் அதிகாரியைப் பன்றிகள் பார்த்ததில்லை. பன்னிரண்டும் வரிசையாக நின்று அவரையே பார்த்தன. 'சுமுக உறவு நிலவுகிறது' என்று எழுதிக்கொண்டார்.

"பந்து எங்க?"

எவிட்சா வீட்டுக்குள் போய், கண்ணாடி அலமாரியிலிருந்து பந்தை எடுத்துவந்தாள். சோதனையின்போது பந்து பல் படாமல், அழுக்கில்லாமல் இருக்கவேண்டும் என்பது விதி. ஊரில் எல்லோர் பந்தும் அலமாரியில்தான் இருந்தது. ஸ்வோனிமிர் அதை விரலால் தேய்த்துப் பார்த்து நெகிழ்ந்துபோனார்.

அவருடைய கார் தெருமுனை திரும்புவதற்குள் பட்டியில் அலறல் கேட்டது. எவிட்சா மண்வெட்டியோடு ஓடினாள். சோனி அதன்பிறகு எழுந்திருக்கவில்லை. மறுநாள் கசாப்புக்காரனைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

நவம்பரில் எவிட்சாவின் பட்டிக்கு முன்மாதிரிப் பட்டயம் கிடைத்தது. பாராட்டு விருந்தில் அவள் கொண்டுவந்த தொத்திறைச்சியில் மூத்திர வாடை அடித்தது. காயடிக்காத பன்றி என்றால் அப்படித்தான். ஆனால் பட்டயம் பெற்ற பட்டியின் கறி நாறும் என்று யார் சொல்வது? எல்லோரும் மூச்சை அடக்கி மென்றார்கள்.

"அந்த நொண்டி இப்ப எப்படியிருக்கு?" என்று வாய் நிறையக் கறியோடு கேட்டார் ஸ்வோனிமிர்.

"மன அமைதியா இருக்கு சார். இன்னொரு துண்டு வைக்கட்டுமா?"

அவர் தட்டை நீட்டினார். அவருக்குப் பின்னால் ஊரே நீட்டியது. எல்லோருக்கும் வைத்துவிட்டு, தான் தின்னாவிட்டால் பட்டயம் கைவிட்டுப் போய்விடுமே என்று, எவிட்சாவும் ஒரு துண்டு எடுத்து மென்றாள்.