இடது கால் மாவட்டத்தின் மனு

மேனிநாட்டில் தேர்தலைப் பசிவேளையில்தான் நடத்துவார்கள். ஆகவே எத்தனை முறை நடத்தினாலும் நாக்கே முதலமைச்சர். இம்முறை அவர் தந்த வாக்குறுதி, வேளைக்கு ஒரு ஜிலேபி.

சேந்தன் ஒரு தூது நரம்பு. இடது கால் மாவட்டத்தின் வலியைத் தலைநகரமான மூளையில் சேர்ப்பது அவன் வேலை. வலியைக் கூட்டவோ குறைக்கவோ அவனுக்கு உரிமையில்லை.

ரத்த ஆறு பாகாக ஓடத் தொடங்கியது. இவ்வளவு இனிப்பைத் தன்னால் சமாளிக்க முடியாது என்று முறையிட்ட கணையத்தை, வளர்ச்சியின் விரோதி என்று சொல்லி ஓய்வில் அனுப்பினார்கள். அந்த வாரமே மாவட்டத் தலைவரான கால் பெருவிரலில் முள் தைத்தது. சேந்தன் மனுவோடு ஓடினான்.

முதலமைச்சர் மனுவைப் பிரிக்கவில்லை. "எந்நேரமும் கசப்பையே சுமந்துட்டு வர்றியே தம்பி. நீ இனிப்பு சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?" என்றார்.

தூதர்களுக்கு மூன்று வேளையும் பாகு வழங்க ஆணை பிறந்தது. மனு குறைந்தால் நோய் குறைந்ததாகக் கொள்ள வேண்டும் என்று இன்னொரு ஆணை.

சில மாதங்களில் சேந்தன் மரத்துப்போனான்.

"எனக்குள்ள புழு நெளியுதுடா. போய்ச் சொல்லு" என்றார் பெருவிரல்.

"என்னத்தச் சொல்ல, பெரியப்பா? எனக்கு ஒண்ணுமே தெரியலையே."

வெறுங்கையோடு போனான். மனுவே வராத மாவட்டம் என்று இடது காலுக்கு விருது கொடுத்தார்கள். நாற்றம் அடிப்பதாகச் சொன்ன மூக்கை, எதிர்க்கட்சியின் கைக்கூலி என்றார்கள். கால் கறுத்தது. அடுத்து தன் முறை என்று முழங்கால் அலறிய பிறகே வெளியிலிருந்து அறுவைக் கத்தி வந்தது. முழங்காலுக்குக் கீழே மாவட்டமே போயிற்று.

கத்தியோடு மருந்தும் வந்திருந்தது. ஆற்றில் பாகு வடிந்தது. வெட்டிய எல்லைக்கு இந்தப் பக்கம் எஞ்சியிருந்த சேந்தனுக்கு உணர்வு திரும்பியது. திரும்பியதும் பெருவிரலின் பெயரில் வலி வந்து ஏறியது. வாங்கியபடியே தலைநகரில் கொண்டுபோய் வைத்தான்.

மனு அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "மனுதாரர் நேர்ல நடந்து வரணும். அதான் சட்டம்."

"அவரை வெட்டிட்டீங்களேய்யா."

"அப்ப அந்த ஊரே இல்ல. இல்லாத ஊர்ல யாருக்குப்பா வலிக்குது?"

"உங்களுக்குத்தாங்க."

அதிகாரியின் கை மேசைக்கு அடியில் பெருவிரலைத் தேடியது.