பல்லுக்குத் தோளில் பிளாஸ்திரி

இந்த வாயால் இனி சிகரெட் பிடிப்பதில்லை என்று மைக்காரர் ஒருநாள் காலையில் வீட்டுக்குள் அறிவித்தார். ரயில் நிலையத்தில் வண்டிகளின் வரவு, புறப்பாடு, தாமதம் எல்லாவற்றையும் மைக் பிடித்து ஒலிபெருக்கியில் சொல்வது அவர் வேலை. அந்த வாயிலிருந்து வந்த எந்த அறிவிப்பும் சொன்ன நேரத்துக்கு நடந்ததாகச் சரித்திரம் இல்லை. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மனைவி திரும்பிக்கூடப் பார்க்காமல், "சரி" என்றாள்.

அந்த வீட்டில் இப்போது எல்லாவற்றுக்கும் "சரி"தான்.

முன்பெல்லாம் அப்படியில்லை. மகள் இருந்தவரை அந்த வீட்டில் ஒரு நிமிடம் சத்தம் ஓயாது. அப்பாவின் குரல் அவளுக்கு அச்சு அசலாக வரும். நாற்காலி மேல் ஏறி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, கரண்டியை மைக்காகப் பாவித்து ஆரம்பிப்பாள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. சமையலறையிலிருந்து கூடம் நோக்கி வரும் அம்மா, இன்னும் சற்று நேரத்தில் கோபத்துடன் வந்து சேர்வார். ஒன்றாவது நடைமேடையில் படுத்திருக்கும் அப்பா உடனே எழுந்து ஓடும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்." அம்மா கோபமாகத்தான் வருவாள். வந்து பார்த்துவிட்டுச் சிரித்துத் தொலைப்பாள்.

பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்கு மூன்று பேர் போனார்கள். இரண்டு பேர் திரும்பினார்கள்.

அதற்குப் பிறகு புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை எதுவும் இல்லை. சண்டை போடுவதற்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டுமே. அவள் தபால் நிலைய வேலைக்குப் போய், ஊரார் கடிதங்களைத் தெரு வாரியாகப் பிரித்து அடுக்கிவிட்டு, ஒரு வார்த்தையும் இல்லாமல் வீடு திரும்புவாள். எப்போதாவது ஒன்று என்று ஊதிக்கொண்டிருந்தவர் பெட்டி பெட்டியாக ஊத ஆரம்பித்தார்.

இருவருக்கும் நடுவில் மிச்சமிருந்தது அந்த ஒலிபெருக்கிதான். வீடு நிலையத்தின் மதில் ஓரமாக இருந்தது. வீட்டில் வாய் திறக்காத மனிதர் ஷிஃப்டு முழுக்கச் சமையலறை ஜன்னல் வழியாகப் பேசிக்கொண்டே இருந்தார். அவள் அதைக் கேட்கிறாள் என்று அவருக்குத் தெரியும். ஒருமுறை அறிவிப்பின் நடுவில் இருமிவிட்டு வீட்டுக்கு வந்தார். மேசை மேல் ஒரு பிளாஸ்க் வெந்நீர் இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

அந்த நேரம் பார்த்து அவருக்கு மேல்வரிசை முன்பல் விழுந்தது.

'சிறப்பு விரைவு வண்டி' என்று அவர் சொன்னால் பாதி சொல், பாதி விசில். இனி எஞ்சினுக்கு ஊதல் தேவையில்லை என்று சுமைத்தொழிலாளர்கள் பேசிக்கொண்டார்கள். கழற்றி மாட்டும் பல் ஒன்று வாங்கினார். அது மூன்றாவது நடைமேடை அறிவிப்பில் எகிறிக் குதித்து மைக்கில் டொக்கென்று மோத, மொத்த நிலையமும் அண்ணாந்து பார்த்தது. மறுநாளே நிலைய அதிகாரி, பதிவு செய்த குரல் ஒன்றைக் கொண்டுவந்து ஒலிபெருக்கியில் பூட்டினார். தேன் ஒழுகும் பெண் குரல். வண்டி தடம் புரண்டாலும் அதே தேன்தான். மைக்காரரை, பயணிகள் தவறவிட்ட பொருட்களின் அறைக்கு அனுப்பினார்கள், யாரும் தேடி வராத குடைகளுக்குக் காவலாக. பல் சரியானால் மைக் திரும்பக் கிடைக்கும், இல்லாவிட்டால் அந்த இயந்திரமே நிரந்தரம் என்று அதிகாரி சொல்லிவிட்டார். சமையலறை ஜன்னல் வழியாக இப்போது வேறு எவளோ பேசினாள்.

பல் டாக்டரம்மா தாடை எலும்பில் ஒரு திருகைப் பொருத்தினார். அதன் தலையில் பிறகு பல்லை மாட்டலாமாம். மைக்காரர் வழக்கம்போல் ஊதித் தள்ளினார். சில மாதத்தில் திருகு ஆடி, கையோடு வந்துவிட்டது.

அதைத் தட்டில் போட்டுவிட்டு டாக்டரம்மா சொன்னார். "திருகை நான் போடலாம் சார். அதைப் பிடிச்சுக்க வேண்டியது உங்க எலும்பு. எலும்பு வளரணும்னா ரத்தம் வரணும். நிக்கோட்டின் சின்னச் சின்ன ரத்தக் குழாயை எல்லாம் சுருக்கிடும். எலும்பைக் கட்டுற செல்லையும் மந்தமாக்கிடும். புகையா வந்தா ரொம்ப மோசம், ஆனா எந்த வழியா வந்தாலும் நிக்கோட்டின் நிக்கோட்டின்தான். இன்னொரு தடவை முயற்சி பண்ணலாம். அதுவும் போச்சுன்னா, திருகு போட உங்ககிட்ட எலும்பு மிச்சமிருக்காது."

இரண்டாவது திருகு போட்ட மறுநாள்தான், இந்த வாயால் இனி சிகரெட் இல்லை என்ற அந்த அறிவிப்பு. அது மத்தியானம் வரை தாங்கியது. குடைகளின் நடுவே உட்கார்ந்து சிகரெட்டுக்குத் தவித்துக்கொண்டிருந்தவருக்கு, டிக்கெட் கவுண்டர் நண்பர் ஒரு வழி காட்டினார். சிகரெட்டை விடுபவர்கள் தோளில் ஒட்டிக்கொள்ளும் பட்டை. தோல் வழியாக நிக்கோட்டின் மெல்ல இறங்கும். புகை இல்லை, நாற்றம் இல்லை, சாம்பல் இல்லை, பெண்டாட்டிக்குத் துப்பும் இல்லை.

எந்த வழியா வந்தாலும் என்று டாக்டரம்மா சொன்னது மைக்காரருக்கு மறக்கவில்லை. ஆனால் அவர் ரயில்வேக்காரர். தோளிலிருந்து பல்லுக்கு நேர் வண்டி கிடையாது என்று தீர்மானித்துவிட்டார்.

தெரிந்தவர் யாரும் இல்லாத மருந்துக் கடையில் பட்டைகளை வாங்கி, உறையைக் கிழித்தெறிந்து, வலிக்கு ஒட்டும் பிளாஸ்திரியின் பழைய டப்பா ஒன்றில் அடுக்கினார். பொய்க்கு வாசனையும் வேண்டுமென்று தோளெல்லாம் தைலம் பூசிக்கொண்டார். இப்படி ஒரு மூளை ரயில்வேயில் வீணாகிறதே என்று அவருக்கே வருத்தமாக இருந்தது.

முதல் நாளே அகப்பட்டுக்கொண்டார். சட்டை மாற்றும்போது மனைவி பார்த்துவிட்டாள். தவறிய பெட்டிகளைத் தூக்கித் தூக்கித் தோள் வலி என்றார். அவள் அந்தச் சதுரத்தை உற்றுப் பார்த்தாள்.

"கை எட்டாத இடத்துல நீங்களே ஏன் ஒட்டிக்கணும்? டப்பாவைக் குடுங்க. நான் ஒட்டறேன்."

கொடுக்காமல் இருக்க முடியுமா? தோள் வலிக்காரர் கொடுத்தார். மறுநாள் காலையிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. அவர் முக்காலியில் சுவரைப் பார்த்து உட்காருவார். அவள் பின்னால் வந்து, பழையதை உரித்து, புதியதை ஒட்டி, நான்கு மூலைகளையும் கட்டைவிரலால் அழுத்துவாள். தண்ணீரில் கிடந்து குளிர்ந்த விரல்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாளுக்குப் பிறகு அந்தக் கை அவர் மேல் பட்டதே இல்லை. முதல் காலை அவர் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார். எலும்பையும் மறந்தார், நிக்கோட்டினையும் மறந்தார்.

ஆரம்ப வாரங்கள் நரகமாக இருந்தன. பேனா மூடியைக் கடித்தார், குடைகளைத் திட்டினார், பட்டையில் சரக்கு குறைவு என்று நண்பரிடம் பாய்ந்தார். பிறகு மெல்ல அடங்கியது. எல்லாம் பட்டையின் மகிமை என்று நம்பினார். ஒரே சதுரத்தால் டாக்டரையும் பெண்டாட்டியையும் ஏமாற்றியவன் உலகத்தில் நான் ஒருவன்தான் என்ற பெருமிதம் அவர் நடையில் தெரிந்தது.

இன்னொன்றும் நடந்தது. முகம் பார்த்தால் வராத பேச்சு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் கொஞ்சம் வந்தது. ஒருநாள், அறையில் ஒரு மஞ்சள் குடை இருக்கிறது, சின்னது, பள்ளிக்கூடப் பிள்ளையுடையது, யாரும் கேட்டு வரவில்லை என்று சொன்னார். முதுகில் விரல்கள் நின்றுவிட்டன. "அவ மழைக்கோட்டை நான் இன்னும் துவைக்கல" என்றாள். "துவைச்சா வாசனை போயிடும்."

அவர் சுவரைப் பார்த்துத் தலையாட்டினார். அவள் நான்காவது மூலையை அழுத்திவிட்டுப் போனாள்.

மாதங்கள் கழித்து, மனைவியும் கூட வந்திருக்க, டாக்டரம்மா திருகைத் தட்டிப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார். பாறையில் இறங்கிய ஆணி போல எலும்பு பிடித்திருக்கிறது என்றார். பல்லும் வந்து உட்கார்ந்தது. கண்ணாடியில் பார்த்து ஒரு முறை 'சிறப்பு விரைவு வண்டி' சொன்னார் மைக்காரர். விசில் இல்லை. அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். யாருக்கும் தெரியாத வெற்றி என்ன வெற்றி?

"டாக்டர், தப்பா நினைக்காதீங்க. உங்க படிப்புல ஒரு ஓட்டை இருக்கு" என்றார். "இத்தனை மாசமும் நான் நிக்கோட்டின் பட்டை ஒட்டிக்கிட்டுத்தான் இருந்தேன். தினம் ஒண்ணு. எலும்பு எப்படிப் பிடிச்சிருக்கு பாருங்க."

டாக்டரம்மா அவரைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையில் சுற்றும் விசிறியைப் பார்த்தாள்.

"முதல் நாள் ஒண்ணு ஒட்டியிருந்தீங்க" என்றாள். "வலிக்குதுன்னு சொன்ன அதே கையால, அன்னிக்கே தண்ணிக் கேனைத் தூக்கிக் கவுத்தீங்க. அப்பவே டப்பாவுல இருந்து ஒண்ணை எடுத்துக்கிட்டுப் போய் மருந்துக் கடையில காட்டிட்டேன். இவங்களுக்கும் போன் பண்ணிக் கேட்டுக்கிட்டேன்."

"அப்போ தினம் ஒட்டினியே?"

"அது நிஜமாவே தோள் வலி பிளாஸ்திரி. நீங்கதான் தைலத்தைப் பூசிக்கிட்டு ரெண்டுக்கும் ஒரே வாசனை பண்ணி வெச்சிருந்தீங்களே. எனக்கு வேலை மிச்சம்."

மைக்காரர் புதுப் பல்லை மூடிக்கொண்டார். நிக்கோட்டினை விட்டுப் பல மாதங்கள் ஆகின்றன என்ற செய்தி, அந்த நாற்காலியில்தான் அவருக்கு வந்து சேர்ந்தது. வீடு வரை கோபப்பட முயன்றார். ஆத்திரம் வரவே இல்லை.

மறுநாள் அவர் மைக்குக்குத் திரும்பும் நாள். சீருடையை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தாள். பொய் தீர்ந்துவிட்டது, பல் வந்துவிட்டது, பிளாஸ்திரிக்கு இனி வேலையில்லை. அவள் அடுப்படியில் இருந்தாள். அவர் சீருடையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். பிறகு சட்டையில்லாமல் முக்காலியில் போய் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

காலடிச் சத்தம் வந்து பின்னால் நின்றது.

"என்ன?"

"ஒட்டிவிடு."

"எதுக்கு?"

"வலிக்குது."

"எங்க?"

தோள் என்று சொல்லியிருக்கலாம். புதுப் பல்லோடு வாய் திறந்தபடி இருந்தது, உள்ளே ஒரு சொல் இல்லை. தோள் லேசாகக் குலுங்கியது. அவள் மறுபடி கேட்கவில்லை. டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. குளிர்ந்த விரல்கள் பழைய இடத்தில் ஒட்டி, மூலை மூலையாக அழுத்தின. கடைசி மூலையில் விரல் எடுக்காமல் நின்றது.

"தனக்கு எங்க வலிக்குதுன்னு சொல்லத் தெரியல" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இவரு போய்த்தான் ஊருக்கெல்லாம் வண்டி எங்க வருதுன்னு சொல்லப் போறாரு."