கூழைக்கடாக்களைப் பிடித்த சனி

"மச்சான், இன்னிக்கு நீங்க மேட்ச் பாக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

கூழைக்கடா அணியின் நீலச் சட்டைக்குள் பாதி நுழைந்திருந்த எவரிஸ்தோ அப்படியே நின்றார். தலை இன்னும் வெளியே வரவில்லை. குரல் மனைவியின் தம்பி வில்கினுடையது.

"ஃபைனல்டா!"

"அதனாலதான் சொல்றேன்."

வில்கின் பயந்ததிலும் நியாயம் இருந்தது. புவெர்த்தோ ஓந்தோ ஊரின் கூழைக்கடாக்கள் பேஸ்பால் அணிக்குத் தனியாக வரலாறு எதற்கு? அவர் வரலாறே போதும். அவர் முதன்முதலாக மைதானத்தில் கால் வைத்த சீசனில் அணிக்குக் கடைசி இடம். கல்யாணமான கையோடு நெரேதாவை ஃபைனலுக்குக் கூட்டிப் போனார். ஒரே ரன்னில் தோல்வி. அவர் புதுத் தொப்பி வாங்கிய சீசனில் முக்கியப் பந்துவீச்சாளருக்குக் கை முறிந்தது. அணி கோப்பை வாங்கியது ஒரே ஒரு தடவைதான். அப்போது அவர் டெங்குவில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஊர் முழுக்க ரம் ஓடியது, அவருக்குள் குளுக்கோஸ் ஓடியது.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்களே, அந்த ஆமை தான்தான் என்று தன் மருந்துக்கடைக்கு வருகிறவர்களிடம் அவரே சொல்லிச் சிரிப்பார். சாவதற்குள் இன்னொரு கோப்பை வந்துவிடாதா என்று உள்ளுக்குள் அழுவார்.

"படுக்கையறையில போய்க் கதவ சாத்திக்கய்யா," என்றாள் நெரேதா.

சாத்திக்கொண்டார். பக்கத்து வீட்டு ரேடியோ சுவர் வழியாக முணுமுணுத்தது. கூழைக்கடாக்கள் மூன்று ரன் முன்னணி! சும்மா சுவரில் காதை வைத்தார். அடுத்த பந்திலேயே எதிரணி ஹோம் ரன் அடித்தது.

"காத வெச்சியா?" என்று கத்தினாள் நெரேதா.

"ஒரு காதுதான்டி!"

குளியலறைக்குள் தள்ளிக் குழாயைத் திறந்துவிட்டார்கள். காதுக்குத்தானே தடை, கண்ணுக்கு இல்லையே? ஜன்னல் வழியாக எதிர்வீட்டு டி.வி. கொஞ்சம் தெரிந்தது. எட்டிப் பார்த்தார். கைக்கு வந்த பந்தைக் கூழைக்கடா ஒருவன் கோட்டைவிட்டான். ஸ்கோர் சமம். தொட்டியில் தண்ணீரும் காலி.

வில்கின் மோட்டார் சைக்கிள் சாவியை நீட்டினான். "உங்க கால்ல விழறேன். ஊரை விட்டே போங்க!"

தெருமுனைக் கடையில் டி.வி.யை நடுத்தெருவில் வைத்துக் கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. எவரிஸ்தோ இந்தத் தடவை நேர்மையாகக் கண்ணை மூடிக்கொண்டார். வண்டி டாமினோ மேஜையைக் கவிழ்த்து, வயரை இழுத்துக்கொண்டு போய் நின்றது. டி.வி. அணைந்தது.

"எவன்டா அவன்?"

"வேற யாரு, எவரிஸ்தோ! விளங்கிரும்!"

வயரை மறுபடி சொருகியபோது எதிரணி ஒரு ரன் முன்னால் நின்றது. பறந்து வந்த செருப்புகளுக்குத் தப்பி, ரேடியோ இல்லாத ஒரே இடத்துக்கு ஓடினார்: கல்லறைத் தோட்டம்.

காவலாளி ப்ளாஸ் கதவைத் திறந்தான். "வா வா. உள்ள ஏற்கெனவே ஒருத்தர் இருக்காரு."

முகம் தெரியாதபடி தலையெல்லாம் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒருவர் கல்லறை மேல் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்கும் ராசி இல்லையா?" என்று எவரிஸ்தோ அவர் காதருகே கத்தினார்.

"நான் அங்க இருந்தாலே தோத்துருவாங்க," என்று துண்டுக்குள்ளிருந்து விம்மல் வந்தது.

"அட போய்யா! நான் பாத்தா பந்துவீச்சாளனுக்குக் கையே ஒடியும்!"

"அந்தக் கை ஒடிஞ்சதுக்கு நான்தான் காரணம்!"

"உரிமை கொண்டாடாத! அது என் தொப்பியால!"

சட்டையைப் பிடிக்கும் நேரத்தில் ஊருக்குள் வெடிச்சத்தம் கிளம்பியது. கார் ஹாரன்கள் அலறின. மாதா கோயில் மணி விடாமல் அடித்தது. ஜெயித்துவிட்டார்கள்!

எவரிஸ்தோ அழுதுகொண்டே அந்த மனிதரைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார்.

ப்ளாஸ் பதறிக்கொண்டு ஓடி வந்தான். "பாத்துய்யா, கீழ போட்டுராத! அவருதான் நம்ம டீம் கோச்சு!"