மூன்றாம் ஷிப்ட் தூக்கம்

என்னைத் தூங்க வைத்தே தீருவது என்று என் வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவெடுத்தார். சர்ச்சில் பூசை முடிந்து, கறிக்கடை வரிசையில் நிற்கும்போது எடுத்த முடிவு. அங்கேயே சொன்னார். கடைக்காரர் கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டார். வரிசையும் கேட்டது.

"இன்னையிலேர்ந்து உன் தூக்கம் என் பொறுப்பு, ஆஞ்சலா."

எனக்குக் கூச்சத்தில் முந்தானையை எங்கே இழுப்பது என்று தெரியவில்லை. கூச்சத்தைவிடப் பயம் அதிகம். அவர் பொறுப்பெடுத்த விஷயங்கள் எல்லாம் எனக்குத் தெரியும். தண்ணீர் மோட்டாரைப் பொறுப்பெடுத்தார். விவேக் நகரில் எங்கள் தெரு மட்டும் ஒரு நாள் முழுக்க நனைந்து கிடந்தது.

விஷயம் இதுதான். பாப்பா பிறந்த பிறகு எனக்கு முடக்குவாதம் வந்தது. காலையில் எழுந்தால் விரல் மடங்காது. பால் பாக்கெட்டைக் கத்தரிக்கக்கூடக் கீழ்வீட்டு டோரீன் அக்காவைக் கூப்பிட வேண்டும். "இது போகாதும்மா, கூடவே இருக்கும், அடக்கி வைக்கலாம்" என்றார் டாக்டர் ஸ்ரீகண்டன். நாத்தனார் மாதிரி என்று புரிந்துகொண்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு மாதம் முன்னால் வலி அதிகமானதும் ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். வலி குறைந்தது. தூக்கமும் அதோடு சேர்ந்து கிளம்பிவிட்டது.

எல்லோரும் படுத்த பிறகு எனக்குள் யாரோ சுவிட்சைப் போட்ட மாதிரி இருக்கும். பாத்திரம் தேய்ப்பேன். டப்பா மூடிகளை அளவு பார்த்து அடுக்குவேன். ஒரு தடவை அவருடைய செருப்புக்குச் சோப்பு போட்டேன். அவருக்கு முதலில் இது பிடித்துத்தான் இருந்தது. இஸ்திரி போட்ட சட்டை, பளபளக்கும் டிபன் டப்பா. சம்பளமில்லாமல் ஒரு நைட் ஷிப்ட் ஆள் கிடைத்த மாதிரி.

ஆனால் ராத்திரி வராத தூக்கம் பகலில் வந்தது. கேட்காமல் வந்தது. பாப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே ஒரு மத்தியானம் சுவரில் சாய்ந்துவிட்டேன். கண் விழித்தபோது பாப்பா டோரீன் அக்கா இடுப்பில் இருந்தாள். மாடிப்படி உச்சியில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டிருந்தாளாம். துணி காயப்போட வந்த அக்கா பார்த்திருக்கிறார். என்னைத் திட்டவில்லை. "இது விளையாட்டில்லம்மா" என்று மட்டும் சொன்னார். பாப்பாவை வாங்கி, அன்று முழுக்க இடுப்பிலிருந்து இறக்கவில்லை.

அதை அவர் கேட்ட பிறகுதான் கறிக்கடை முடிவு.

முதல் வைத்தியம் ஜாதிக்காய்ப் பால். அவரே காய்ச்சினார். சக்கரை போதுமா என்று ருசி பார்த்தார். போதவில்லை. போட்டு மறுபடி பார்த்தார். நான் வாங்கிக் குடித்தது டம்ளரின் நுரையை. அடுத்த நாள் அவர் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு, கம்பெனி இருக்கும் பீன்யா வரைக்கும் ஆட்டோவில் போனார்.

இரண்டாவது வைத்தியம் ஜெபமாலை. அவர் முன்னே சொல்ல நான் பின்னே சொல்ல வேண்டும், பாதியிலேயே எனக்குக் கண் சொருகும் என்றார். பாதியில் முன்னே சொல்ல ஆளில்லை. முழுதும் நானே சொல்லி முடித்து, அவருக்கும் போர்த்திவிட்டேன்.

மூன்றாவது, உள்ளங்காலில் நல்லெண்ணெய். தேய்த்தார். தேய்த்த கையோடு என் கணுக்காலைத் தலையணையாக்கிக்கொண்டார். வலிக்கிற கணுக்கால்.

இதற்கிடையில் ரத்தம் சோதிக்கப் போன இடத்தில் நர்ஸம்மா என்னை நிறுத்தி, மாத்திரையை எப்போது சாப்பிடுகிறாய் என்று கேட்டார். ராத்திரி என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டார். "பெளிக்கே, திண்டி ஆத மேலே" என்றார் கன்னடத்தில். காலையில் டிபன் ஆனதும் போட வேண்டிய மாத்திரையாம். ராத்திரி போட்டால் ஊரே தூங்கினாலும் நமக்குத் தூக்கம் வராதாம்.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். இந்தக் கதையில் நான் நேராகச் சொன்னது இந்த ஒரு தடவைதான்.

"நர்ஸம்மா ஊசி போடறவங்க. டாக்டர்கிட்ட நேரா பேசினவன் யாரு?"

"நீங்கதாங்க."

"ஐடிஐ படிச்சவன் யாரு?"

அதுவும் அவர்தான். நான் ஆறாவதோடு நின்றவள். ஆனால் டாக்டர் மாத்திரையைப் பற்றிச் சொன்ன நேரத்தில் இவர் சூப்பர்வைசரோடு போனில் இருந்தார், அழுத பாப்பாவோடு நான் கதவோரம் நின்று அதைப் பார்த்தேன் என்பது ஆறாவது படித்த எனக்கு ஞாபகம் இருந்தது. 

நானாகக் காலையில் எடுத்துப் போட்டுக்கொள்ளவும் வழியில்லை. பாப்பா ஒரு தடவை மாத்திரை அட்டையைக் கடித்ததிலிருந்து மாத்திரை பீரோவுக்குள் போய்விட்டது. பீரோ சாவி அவருடைய வண்டிச் சாவியோடு. பகல் வேலையான ஜெனரல் ஷிப்டில் அவர் எழுவதும் பஸ் ஏறுவதும் ஒரே மூச்சு, டிபன் கேன்டீனில். ராத்திரி சாப்பிட்டு, கை கழுவி, பீரோவைத் திறந்து தன் கையால் கொடுப்பார். முழுங்கினதும் வாயைத் திறந்து காட்ட வேண்டும். அதில் அவருக்கு ஒரு திருப்தி.

அப்போதுதான் கம்பெனியில் புது ஆர்டர் வந்து அவரை ராத்திரி முழுக்க ஓடும் மூன்றாம் ஷிப்டுக்குப் போட்டார்கள்.

மூன்றாம் ஷிப்டில் எங்கள் வீட்டில் விடிந்தால்தான் ராத்திரி. அவர் வந்து குளித்து, சோறும் ரசமும் சாப்பிட்டு, பீரோவைத் திறந்து, என் மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் படுப்பார். நான் இட்லியைத் தின்று மாத்திரையை முழுங்கி வாயைக் காட்டினேன். அன்று ராத்திரி கட்டை போலத் தூங்கினேன். மறுநாளும். அந்த வாரம் முழுக்க. பகலில் பாப்பா போகிற இடமெல்லாம் என் கண் கூடவே போனது.

நர்ஸம்மாவை மனசுக்குள் கும்பிட்டேன். வீட்டுக்காரர் வேறு மாதிரி கணக்குப் போட்டார்.

"நான் வீட்ல இல்லாதப்போதான் உனக்குத் தூக்கம் வருது."

 கம்பெனியில் யூஜின் என்கிற சிநேகிதரிடம் கேட்டிருக்கிறார். அந்த யூஜின், உன் குறட்டைதான் காரணம் என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். மல்லாந்து படுத்தால்தான் குறட்டை வருமாம். அதனால் மறுபடி ஜெனரல் ஷிப்டுக்கு மாறிய அன்றைக்குப் பனியன் முதுகில் பாப்பாவின் ரப்பர் பந்தை வைத்துத் தைக்கச் சொன்னார். விரல் வலித்தாலும் தைத்துக் கொடுத்தேன். அவ்வளவு ஆசையாகக் கேட்டார்.

மாத்திரை மறுபடி ராத்திரிக்குப் போனது. நான் மறுபடி டப்பா மூடி அடுக்கினேன். அவர் ஒட்டகம் மாதிரி ஒருக்களித்துப் படுத்திருந்தார். ஒரு சத்தம் இல்லை. விடிந்ததும் பாப்பா அப்பா முதுகில் தன் பந்தைக் கண்டுபிடித்து, பிடுங்க முடியாமல் அழுதாள்.

"குறட்டை விட்டேனா?"

ஒரு நிமிஷம் யோசித்தேன். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் மாடிப்படி ஞாபகம் வந்தது. அவரிடம் நேராகச் சொன்னால் நர்ஸம்மா பேச்சுக்கு ஆனது என் பேச்சுக்கும் ஆகும்.

"குறட்டை இல்லீங்க. எனக்கு வேற ஒண்ணு தோணுது. சொல்லக் கூச்சமா இருக்கு."

"சொல்லு."

"மூணாம் ஷிப்டுல காலையில என் எதிர்ல உக்காந்து சாப்பிட்டீங்க. அதுக்கப்புறம் உங்க கையால மாத்திரை குடுத்தீங்க. உங்க முகத்தைப் பாத்துத் தின்னதுல மனசு நெறஞ்சிருச்சு. அதான் தூங்கினேன் போல."

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பந்து குத்துவதுகூட மறந்து மல்லாந்துவிட்டார்.

"இப்போ காலையில எங்கங்க சாப்பிடறீங்க, கேன்டீன்லதானே," என்று மெதுவாகச் சேர்த்தேன். "எனக்கும் விரல் மடங்கறதில்ல, இட்லி ஊத்த வரமாட்டேங்குது."

மறுநாள் அலாரம் வைத்து எழுந்தார். கடை மாவு பாக்கெட்டை உடைத்து இட்லி ஊற்றினார். முதல் நாள் இட்லியைப் பாப்பா பந்துக்குப் பதிலாக வைத்துக்கொண்டாள். வாரம் போகப் போக இட்லி மெத்தென்று வந்தது. சட்னியும் வந்தது. காபியும் வந்தது. எதிரில் உட்கார்ந்து, முகத்தை எனக்கு நன்றாகக் காட்டிக்கொண்டு சாப்பிடுவார். பிறகு பீரோ. பிறகு மாத்திரை. வாயைத் திறந்து காட்டினேன். ராத்திரி தூங்கினேன்.

வியாழக்கிழமை நவநாள் ஜெபத்துக்குப் போனபோது கோயில் வாசலில் டோரீன் அக்காவிடம், தெரிந்தவர்கள் தெரியாதவர்கள் எல்லோரிடமும் சொன்னார். "என் முகத்தைப் பாத்தாத்தான் இவளுக்குத் தூக்கம் வருது." அக்கா என்னைப் பார்த்தார். நான் மெழுகுவர்த்தியைப் பார்த்தேன்.

போன மாதம் டாக்டரிடம் போனோம். இவரே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, தன் கண்டுபிடிப்பை முழுக்க விவரித்தார். எதிரில் உட்காருவது, மனசு நிறைவது, எல்லாம். டாக்டர் பொறுமையாகக் கேட்டார்.

"காலையில டிபனுக்கு அப்புறம் மாத்திரை. ரொம்ப சரி. முதல் நாளே அதைத்தானே சொன்னேன், கிளெமென்ட்? நீங்க போன்ல இருந்தீங்க. முகத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

வெளியே வந்து வண்டியை எடுத்தார்.  பாப்பா நடுவில். சிக்னலில் நின்றபோது திரும்பாமலே கேட்டார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"நர்ஸம்மா சொன்னாங்க. உங்ககிட்டயும் சொன்னேனே."

சிக்னல் பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் நகரவில்லை.

"அப்போ மாத்திரைய மட்டும் காலையில குடுத்திருந்தா போதும். நான் எழுந்து இட்லி ஊத்தினது எதுக்குடி?"

எனக்கு மறுபடி கூச்சம் வந்தது. அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னேன்.

"மாத்திரை டாக்டர் எழுதினதுங்க. இட்லி நான் எழுதினது."