மடியில் உருகிய பிஸ்கட் புடிங்

வெள்ளை வேட்டி கட்டியவன் சொக்லேட்டுக்குப் பக்கத்தில் போகவே கூடாது. அதுவும் பெண் கேட்கப் போகிற நாளில் போனால், அவனை யாராலும் காப்பாற்ற முடியாது. நான் போனேன்.

சொக்லேட் என்றால் அக்கா செய்யும் பிஸ்கட் புடிங். கொழும்பில் படித்தபோது விடுதித் தோழியிடம் கற்று எங்கள் ஊரான நாரந்தனைக்குக் கொண்டுவந்தாள். பாலில் தோய்த்த மாரி பிஸ்கட் ஒரு அடுக்கு, பட்டரும் ஐசிங் சீனியும் கொக்கோவும் சேர்த்து அடித்தது ஒரு அடுக்கு, மேலே உடைத்த கஜுப்பருப்பு. அடுப்பே வேண்டாம். (அதைச் சமையல் என்று ஒப்புக்கொள்ள அம்மாவுக்கு வெகுகாலம் பிடித்தது.) முதல் துண்டைத் தின்ற அன்று, ஓயாமல் பேசும் அப்பாகூடக் கரண்டியைப் பிடித்தபடி, கோயில் வாசலில் நிற்பவர்போல் இருந்தார். தேநீரில் தோய்த்துத் தின்கிற பிஸ்கட்டுக்குள் இப்படியொரு மகிமையா என்று நான் மலைத்துப்போனேன்.

சுகந்தியும் நானும் ஊர்காவற்றுறையில் ஒரே பாடசாலையில் படிப்பித்தோம், விரும்பினோம். அவளுடைய ஊர் நெடுந்தீவு. மாடு வளர்க்கும் அவளுடைய அப்பாவோ, "கடலுக்கு அங்காலை பெட்டையைக் குடுக்கிறேல்லை" என்று சொல்லியனுப்பிவிட்டார்.

"நேரிலை போவம். புடிங்கோடை போவம்" என்றாள் அக்கா.

குறிகாட்டுவானில் படகு ஏறியதும், புடிங் தட்டைச் சுற்றி ஐஸ் வைத்து, பொலித்தீன் பையில் போட்டு, என் மடியில் வைத்தாள். "கீழை வைக்காதை. இஞ்சின் சூட்டிலை உருகிப்போம்."

நடுக்கடலில் அலை எழும்பியது. அக்கா தலையைப் படகுக்கு வெளியே நீட்டிச் சத்தியெடுக்கத் தொடங்கினாள். ஒரு கையால் அவளையும் மறு கையால் தட்டையும் பிடித்துக்கொண்டேன். ஐஸ் உருகித் தட்டுக்குள் போனது. பையும் கிழிந்தது. தொடை வழியே ஏதோ குளிர்ந்து இறங்கியது. கடல் தண்ணீர் என்று நினைத்தேன். (அப்படித்தான் நினைக்க விரும்பினேன்.)

நெடுந்தீவுத் துறையில் எழுந்து நின்றால், வேட்டி முன்னும் பின்னும் மண்ணிறம். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் இரக்கத்தோடு என் காதருகே குனிந்தார்.

"தம்பி, வயித்தாலை போகுதோ? ஆஸ்பத்திரி கிட்டத்தான்."

"இல்லை ஐயா, இது சொக்லேட்."

"ஓம், ஓம்" என்று தலையாட்டியபடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

படலையைத் திறந்த சுகந்தி என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். அவளுடைய அப்பா கதிரையில் அமர்ந்து என் வேட்டியை மேலிருந்து கீழாகப் பார்த்தார். அக்கா தட்டின் மேலிருந்த பையை விலக்கினாள். உள்ளே புடிங் இல்லை. பிஸ்கட் துண்டுகள் மிதக்கும் குளம்தான் இருந்தது.

"என்ன இது?"

"புடிங், ஐயா."

"குடிக்கிறதோ, சாப்பிடுறதோ?"

அக்காவைப் பார்த்தேன். வாயைத் திறந்தால் மறுபடி சத்தி வரும் நிலையில் இருந்தாள்.

"குடிக்கிறது" என்றேன்.

சுகந்தி கிளாஸில் ஊற்றிக் கொடுத்தாள். அவர் ஒரு மிடறு குடித்தார். நிறுத்தினார். கிளாஸுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு கண்ணை மூடி, மெல்ல மெல்ல, முழுவதையும் குடித்தார். அடியில் ஒட்டிய கஜுவைத் தட்டி எடுத்துத் தின்றார். வெளியே மாடு கத்தியதுகூட அவருக்குக் கேட்கவில்லை.

"ஆர் செய்தது?"

"அக்கா."

"உமக்குச் செய்யத் தெரியுமோ?"

"தெரியாது, ஐயா."

"அப்ப பழகும். மகளைப் பாக்க நான் உம்மடை வீட்டை வரேக்கை ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?"

அது சம்மதம் என்று எனக்கு விளங்கவே சற்று நேரம் எடுத்தது. சுகந்திக்கு உடனே விளங்கிவிட்டது.

கல்யாணத்துக்குப் பிறகு, எனக்கு மாமாவாகிவிட்ட சுகந்தியின் அப்பா முதல்முறை நாரந்தனைக்கு வந்தபோது, அக்கா தன் மானத்தை மீட்கவென்றே அடுக்குக் குலையாத ஒரு துண்டை வெட்டி வைத்தாள். மாமா அதைக் கரண்டியால் குத்திப் பார்த்தார். தட்டைச் சரித்துப் பார்த்தார். பிறகு, மனம் நோகாமல் சொன்னார்:

"பிள்ளை, இது பழுதாப்போச்சு. இறுகிக் கிடக்கு."

இன்றும் எங்கள் வீட்டில் எது திருத்தமாக அமைந்தாலும், "பழுதாப்போச்சு, இறுகிக் கிடக்கு" என்றுதான் சொல்வோம். மாமா வரும் நாட்களில், அக்கா பாடுபட்டு இறுக்கிய புடிங்கில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக் கலக்குவது என் வேலை. அதைப் பார்க்கச் சகிக்காமல் அவள் குசினியை விட்டு வெளியே போய்விடுவாள்.