பேரரசரின் மூக்கு

இக்கிலா அடித்த முதல் காசிலேயே ரோமாபுரிப் பேரரசருக்குக் கந்தரிக்கின் மூக்கு வந்துவிட்டது.

கந்தரிக், அவன் பெண் கேட்கப் போகிற வீட்டுக்காரர். ஊரிலேயே அதிகக் குதிரைகள் அவரிடம்தான். ரோம வெள்ளிக்காசு மாலையோடு வந்தால்தான் மகள் ரணில்டாவைத் தருவேன் என்று சொல்லிவிட்டார். கொல்லன் இக்கிலாவிடம் உடைந்த வெள்ளி வளையல்கள்தான் இருந்தன; அவற்றை உருக்கித் தானே காசு அடிக்கத் துணிந்தான். அச்சு செதுக்க மாதிரிக்கு ஒரு தேய்ந்த காசை ரணில்டாவே ரகசியமாகக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள்.

"ஐயோ, எங்கப்பா மாதிரியே இருக்கு!"

"மாதிரியைப் பார்த்துத்தானே செதுக்கினேன்?"

"அவர் மேல இருக்கிற பயம் உன் கையில இறங்கிடுச்சு. மூக்கைச் சின்னதாக்கு முதல்ல."

உளியை எடுத்தான். அச்சில் தோண்டத் தோண்டக் காசில் மேடாகும் என்பது பதற்றத்தில் மறந்துபோயிற்று. அடுத்த காசில் மூக்கு முள்ளங்கியாக நீண்டது.

"தாடி வெச்சு மறைச்சிடேன்!"

வைத்தான். இப்போது சந்தேகமே இல்லை, சாட்சாத் கந்தரிக். அதுவும் கோபத்தில் இருக்கிற கந்தரிக்.

வெள்ளியும் தீர்ந்தது, பெண் கேட்கும் நாளும் வந்தது. மாதிரிக் காசையும் நடுவில் கோத்துக்கொண்டு போனான்.

உறவுக்காரர்கள் தேன்மதுவோடு சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கந்தரிக் மாலையை வெளிச்சத்தில் பிடித்தார்.

"என்னடா இது? பேரரசருக்கு என் மூக்கு!"

"அது... ராஜகளை மாமா."

"களையா? கள்ளக்காசைக் குடுத்து என் பொண்ணைத் தட்டிட்டுப் போகலாம்னு பார்த்தியா? எந்திரி!"

ரணில்டாவின் கண்கள் நிறைந்துவிட்டன. இக்கிலா எழுந்தேவிட்டான். அதற்குள் கந்தரிக்கின் விரல் நடுவில் இருந்த தேய்ந்த காசில் நின்றது.

"இதோ, இது அசல்! கண்ணைப் பாரு, என்ன கம்பீரம்! பேரரசர்னா இப்படி இருக்கணும். மாலை முழுக்க இந்த மாதிரி கொண்டா, பொண்ணைத் தர்றேன்."

எல்லோரும் தலையாட்டினார்கள். மது ஊற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி வல்தா எட்டிப் பார்த்தாள்.

"அசலாவது! நான்தான் என் கழுத்துல இருந்து கழட்டிப் பொண்ணுகிட்ட குடுத்தனுப்பினேன். நீங்க என்னைப் பொண்ணு கேட்டு வந்தப்ப, உங்க ஊர்க் கொல்லன் உங்களை உக்காரவெச்சு உங்க மூஞ்சியைப் பார்த்து அடிச்ச காசாச்சே இது, மறந்துட்டீங்களா!"